ஆட்களைத் தேடிப் போன ஆறு

பூவரசந்தோட்டத்து ஜனங்களை லாரியில் ஏற்றி, பெருங்குடி குப்பைமேட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்ட அடுத்த வாரம் கூவம் ஆறும் கிளம்பிவிட்டது. முழு ஆறும் கிளம்பவில்லை. சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே, அந்த ஜனங்களின் குடிசைகளை உரசிக்கொண்டு ஓடிய துண்டு மட்டும் ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கிக் கரையேறி, நடைபாதை ஓரமாக நடந்தது. நடைபாதையில் பைக் நிறுத்தியிருந்த இடங்களில் ரோட்டில் இறங்கிக்கொண்டது. தி.நகரில் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் நகர முடியாமல் நின்றபோது, மிதித்தவர்கள் யாரோ காபியைக் கொட்டிவிட்டதாகத் திட்டிக்கொண்டே போனார்கள். அடையாற்றுப் பாலத்தைக் கடந்தபோது கீழே ஓடிய ஆறு இதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு போக்குவரத்துக் காவலர் மட்டும் விசிலடித்தார். அதற்குள் ஹெல்மெட் போடாத ஒருவன் வரவே, அவனைப் பிடிக்கப் போய்விட்டார். ஆறு கிளம்பிப் போன இடம் இன்றைக்கும் கொஞ்சம் ஒடுங்கித்தான் இருக்கிறது. வண்டல் என்கிறார்கள்.

புதுக் குடியிருப்பில் லிஃப்ட் ஓடிய நாளை யாரும் பார்த்ததில்லை என்பதால் ஆறு படியேறித்தான் ஐந்தாம் மாடிக்கு வந்தது. வெள்ளம் வந்தால் செத்துப்போவீர்கள், எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்லி, அடுப்பில் இருந்த சோற்றை இறக்கக்கூட விடாமல் வீட்டை இடித்தவர்கள், அவர்களைக் கொண்டுபோய்ப் போட்டது சதுப்பு நிலத்தில். முதல் மழைக்கே தரைத்தளம் முழங்கால் வரை முங்கியது. மீன் மார்க்கெட்டில் பெட்டி இறக்கிப் பிழைத்தவரும், மார்க்கெட் தூரமாகிப் போனதால் இப்போது கைலியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவருமான தங்கவேல் கதவைத் திறந்தார். எதிர்வீட்டுக் கைசர் ஜஹானும் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாண்ணே, யாரு வந்துக்கீறது?”

“நம்மாளுதான். வழி கேட்டுக்கினே வந்துக்கீது பாரு.”

“நாத்தம் கம்மியாயிடுச்சே?”

“அம்மாந்தூரம் நடந்து வந்துதில்ல. எளச்சிப் பூட்ச்சி.”

தங்கவேலின் மகள் அன்புச்செல்விக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த வம்சத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள். சாந்தோமில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. ஜூனில் வேலை நிரந்தரமாக வேண்டும். கதையும் எழுதினாள். கூவத்தங்கரையைப் பற்றி அவள் எழுதிய முதல் கதையை ஒரு பத்திரிகை ஆசிரியர், ‘கொஞ்சம் சுத்தமா எழுதுங்களேன்’ என்று திருப்பிக் கொடுத்தார். சுத்தமாக எழுதினாள், உடனே அச்சில் வந்தது. அதற்குப் பிறகு அவள் கதைகளில் மாடவீதி இருந்தது, மாக்கோலம் இருந்தது. அவள் வளர்ந்த வீட்டுக்குக் கோலம் போட வாசல் இருந்ததில்லை. பள்ளியில் கேட்டவர்களிடம் சொந்த ஊர் மயிலாப்பூர் என்று சொல்லி வைத்திருந்தாள். அதற்காகவே தினமும் லஸ்ஸில் பஸ்ஸை விட்டு இறங்கி, கச்சேரி ரோடு முழுக்க வெயிலில் நடந்து, அந்தத் திசையிலிருந்து வருவது வாட்ச்மேன் கண்ணில் படும்படி உள்ளே நுழைவாள். பொய் சொல்லிப் பிழைப்பது சோம்பேறிகளின் வேலை என்று நினைப்பவர்கள் அந்த ரோட்டில் மே மாதம் நடந்து பார்க்கலாம்.

குடியிருப்பில் பாதிப் பேருக்கு வேலை போய்விட்டது. தினமும் ஊருக்குள் போய்வருகிற சிலரில் அன்புச்செல்வியும் ஒருத்தி. ஆறு அவள் பின்னால் போகத் தொடங்கியது. “ஏய், போ, வூட்டுக்குப் போ” என்று துரத்தினாள். நாலடி பின்வாங்கி, அவள் திரும்பியதும் மறுபடி வந்தது. பஸ் கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னாம்மா, உன்னுதா? லக்கேஜ் போடணும்” என்றார். என்னுடையது இல்லை என்றாள்.

எட்டாம் வகுப்பு பி பிரிவில், அவள் வெண்பா நடத்திக்கொண்டிருந்தபோது, கரும்பலகைக்குக் கீழே ஆறு வந்து படுத்துக்கொண்டது. பிள்ளைகள் முதல் நாள் மூக்கைப் பொத்தினார்கள். மறுநாள் பென்சில்களை மிதக்கவிட்டுப் பந்தயம் கட்டினார்கள். தலைமையாசிரியை ஈவ்லின், போர்த்துக்கீசியர் காலத்திலிருந்தே சாந்தோமில் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

“செல்வி மிஸ், இது எங்கிருந்து வருது?”

“தெரியல மிஸ். பைப் லீக்கா இருக்கும்.”

தோண்டினார்கள், பைப் நன்றாக இருந்தது. மறுபடி கேட்டார், மறுபடியும் தெரியாது என்றாள். அவள் தெரியாது என்று சொன்ன ஒவ்வொரு நாளும் ஆறு மெலிந்தது. அது மெலிந்த அளவுக்குக் குடியிருப்பில் ஜனங்களுக்கு மறதி வந்தது. கைசர் ஜஹானுக்குப் பழைய பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் மறந்தது. பூவரசந்தோட்டத்தில் தண்ணி லாரி எந்த முனையில் நிற்கும் என்பது எல்லோருக்கும் மறந்தது. ஒரு சாயங்காலம் தங்கவேல் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்:

“ஏம்மா, நம்ம ஊட்டாண்ட ஒரு மரம் இருந்துச்சே, இன்னா மரம் அது?”

“பூவரசு நைனா.”

“அப்டியா?” என்றார், வேறு யாருடைய ஊரைப் பற்றியோ கேட்டவர் மாதிரி.

குடிசையை இடித்தவர்கள் இயந்திரம் கொண்டுவந்தார்கள். மீதியை, ஒரு நிரந்தர வேலைக்காக, தான் வெறும் வாயாலேயே இடித்துக்கொண்டிருப்பது அன்புச்செல்விக்கு விளங்கியது.

மறுநாள் காலை எட்டாம் வகுப்பு வாசலில் கொத்தனார் சிமென்ட் குழைத்து வைத்திருந்தார். தண்ணீர் வருகிற இடத்தை இன்றைக்கே மூடிவிடச் சொல்லி ஈவ்லின் உத்தரவு. ஆறு நூல் கனத்துக்கு ஒடுங்கி, அன்புச்செல்வியின் செருப்புக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தது. கொத்தனார் கரண்டியை எடுத்தார்.

“கைய வெய்யாத,” என்றாள். பிள்ளைகள் அதுவரை கேட்டிராத குரல். “அது எங்க ஆறு.”

“மைலாப்பூர்ல ஏதும்மா ஆறு?” என்றார் கொத்தனார், வாட்ச்மேன் சொல்லிக் கேட்டிருந்தவர்.

“நான் மைலாப்பூர் இல்ல. கூவத்தங்கரை. பூவரசந்தோட்டம்.”

வேலையைப் பார்க்க வந்து நின்ற ஈவ்லின்தான் கொத்தனாரைவிட வேகமாகத் திரும்பிப் பார்த்தார். அன்புச்செல்வி நிறுத்தவில்லை. பாலத்து முனையிலிருந்து தொடங்கி, எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு, யார் எதைச் செய்து பிழைத்தார்கள், யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு ஒரு விரற்கடை அகன்றது. கடைசி வீடு வந்தபோது சிமென்ட் சட்டி மிதந்து வராந்தா முனைக்குப் போயிருந்தது. கொத்தனார் அதன் பின்னாலேயே ஓடினார்.

ஈவ்லின் தோண்டிப் போட்ட இடத்தைக் காட்டினார்.

“அப்போ ஏன் பைப்புன்னு சொன்னீங்க? வெட்டியா தரையைத் தோண்டியாச்சு.”

“பயம் மிஸ். வேலை போயிடும்னு.”

“கடைசி பெஞ்ச் பக்கமா படுக்கச் சொல்லுங்க. பிள்ளைங்க போர்டுக்கு வர வழி வேணும்.”

அந்த ஜூனில் வேலை நிரந்தரமாகவில்லை. பள்ளி நிர்வாகத்தில் ஒருவர், பெற்றோர் என்ன சொல்வார்கள், நாற்றம் வேறு என்றார். சாந்தோமில் மீன் நாற்றம் அடிக்காத நாள் எது என்று ஈவ்லின் கேட்டார். அடுத்த ஜூனில் வேலை நிரந்தரமானது. அன்புச்செல்வி லஸ்ஸில் இறங்குவதை விட்டுவிட்டாள். தங்கவேலுக்கு எல்லாமே ஞாபகம் வந்துவிட்டது. துணிக்கொடி விஷயமாகக் கைசர் ஜஹானோடு இருந்த பழைய தகராறும் சேர்ந்தே ஞாபகம் வந்ததால், இருவரும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. கூவத்தங்கரையைப் பற்றி அன்புச்செல்வி மறுபடி எழுதிய கதைகள் புத்தகமாக வந்தன. சுத்தமாக எழுதச் சொன்ன அதே ஆசிரியர் மேடையில் ஏறி, என்ன துணிச்சல் என்றார். அன்புச்செல்வி ஒலிவாங்கி பக்கத்தில் இருக்கும்போதே சிரித்துவிட்டாள்.

போன வாரம் பெற்றோர் கூட்டம். தி.நகரிலிருந்து வந்த ஓர் அம்மா, பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, செருப்பை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு, ஆற்றைக் கடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஷ்ரவணுக்குத் தமிழ்ல மட்டும் ஏன் மிஸ் மார்க் கம்மி?”

“படிக்கிறான். எழுதத்தான் சோம்பேறித்தனம்,” என்றாள் அன்புச்செல்வி.

அந்த அம்மா சரி மிஸ், திட்டி வைக்கிறேன் என்று எழுந்து, வந்த மாதிரியே கடந்து போனார். அடுத்தவர் செருப்பைக் கழற்றினார்.