டிக்கெட் வைத்த பக்கம்

மூன்றாம் நாள் காலைத் தியானம் முடிந்து அறைக்கு வந்து தலையணையைத் தூக்கினேன். நாவல் வைத்த இடத்தில்தான் இருந்தது. உள்ளே அடையாளமாக வைத்திருந்த பஸ் டிக்கெட்தான் இடம் மாறியிருந்தது. நடுவைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளித் தெரிய வேண்டிய அதன் நுனி, கடைசி அட்டையை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்தது.

அறையில் என்னோடு இருந்தவள் தென்றல், வேங்கிக்காலில் வேலை பார்க்கும் பெண். எதிர்க் கட்டிலில் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். உலுக்கிக் கேட்டிருப்பேன். ஆனால் ஐந்து நாளும் யாரும் பேசக் கூடாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் கூடாது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் எங்கள் பௌத்த வட்டம் எடுத்திருக்கும் வாடகை வீட்டின் சட்டம் அது. படிக்கவும் கூடாது. வந்த அன்றே மூர்த்தி சார் செல்போனையும் புத்தகங்களையும் துணிப்பையில் வாங்கி வைத்துவிடுவார். "படிக்கறதும் பேச்சுதாம்மா, மனசு சும்மா இருக்காது" என்பார்.

சேரும்போது கொடுக்கும் ஃபாரத்தில் 'விரும்பிப் படிப்பவை' என்று ஒரு வரி உண்டு. புத்தரின் உரைகள், பிக்குகளின் வரலாறு என்று எழுதினேன். பொய் இல்லை, பத்து வருடமாக அவற்றைத்தான் விரும்பிப் படிக்கிறேன். எனக்கு முன்னால் நின்ற தென்றல் தியான நூல்களாக நாலு வரிக்கு அடுக்கியதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. என் புடவைகளுக்கு அடியில் ஒரு கொலைக்கதை இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அது என் கணவர் பரசுராமன் படித்துக்கொண்டிருந்த மாத நாவல். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேங்கிக்கால் ஆபீசுக்குப் பஸ்ஸில் போக வர ஒரு கையில் நாவல், மறு கையில் வறுத்த வேர்க்கடலை. "உன் புக்குல கடைசி வரிக்கும் படிச்சாலும் முடிவே சொல்ல மாட்றான். இதுல பாரு, யாரு கொல பண்ணதுன்னு கடைசி பக்கத்துல சொல்லிடுவான்" என்று என்னைச் சீண்டுவார். எட்டு மாதத்துக்கு முன் ஒரு மதியம், ஆபீசில் சாப்பிட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டிபன் பாக்ஸோடு நாவலும் வீட்டுக்கு வந்தது, அன்றைய டிக்கெட் செருகியபடியே.

எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்று நான் பிரித்துப் பார்க்கவே இல்லை. பார்த்துவிட்டால் அதோடு அவர் முடிந்துபோவார் என்று பயம். நாளைக்கு, நாளைக்கு என்றே எட்டு மாதம் ஓடிவிட்டது. எதையும் பிடித்து வைக்காதீர்கள் என்று வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவளும் நான்தான்.

அடுத்த இரண்டு நாள் நான் செய்தது தியானமே இல்லை. மூச்சு உள்ளே போனால் எழுபதாம் பக்கமா, வெளியே வந்தால் எண்பதா. கால் மரத்தது, முதுகு அரித்தது. முன்வரிசையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த தென்றலின் பின்னந்தலையையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவளை வெறுத்தேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள் மணி அடித்து மௌனம் முடிந்ததும் அவளே முதலில் வந்தாள்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. தலகாணி நழுவி உங்க புக்கு கீழ வுழுந்துச்சு. எடுத்து வெக்கலாம்னுதான் எடுத்தேன். ஒரு பக்கம் படிச்சேன், அப்புறம் வுட முடியல. நீங்க மதியானம் நடக்கப் போவீங்கல்ல, அப்ப ரெண்டே நாள்ல முடிச்சிட்டேன். ஃபாரத்துல என்னென்னமோ எழுதினேன், ஆனா எனக்கு இந்த மாதிரி கததாங்க்கா உசுரு."

"டிக்கெட் எந்தப் பக்கத்துல இருந்துச்சு?"

"பாக்கலியேக்கா. புக்கு வுழும்போதே அதுவும் வுழுந்துடுச்சு. எங்கயோ சொருவி வெச்சிட்டேன். நீங்க எது வரிக்கும் படிச்சீங்கன்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தரேன்."

"நான் படிக்கலம்மா. படிச்சது எங்க வூட்டுக்காரரு. அவரு இப்ப இல்ல."

அவள் முகம் சுண்டிப்போனது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பக்கத்துக்குப் பக்கம் கடலத் தோலு இருந்துச்சுக்கா. ஊதி வுட்டுட்டுதான் படிச்சேன். பாதிக்கு மேல தோலு இல்ல. எங்க நின்னுச்சுன்னு கவனிக்கல."

அத்தனை கோபமும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வேறு என்ன தருவது என்று தெரியாமல், "முடிவயாச்சும் சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாவலை முதல் பக்கத்திலிருந்து பிரித்தேன். ஆறு பக்கம் வரை வெறும் எழுத்து. ஏழாவதில், ஸ்டேப்ளர் பின் அடித்த மடிப்பின் ஆழத்தில் சிவப்பாக ஒரு துணுக்கு, அவள் ஊதியதற்குத் தப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. பஸ் வேகமெடுத்தது. காற்றுக்குத் தாள் படபடத்தது. அவசரமாக ஷட்டரை இறக்கினேன்.

"புழுங்குதும்மா, ஏத்தி வுடு" என்றாள் பக்கத்தில் இருந்த அம்மாள்.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்கம்மா" என்றேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.