கேற்றுக்கு வெளியே நின்றவள்

ஆராதனையின் முதல் பாட்டு முடிந்ததும் தேவாலய வாசல் கேற்றைச் சங்கிலி போட்டுப் பூட்டுவது இராஜநாயகத்தின் வேலை. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் வெடித்த குண்டுகளுக்குப் பிறகு சபை போட்ட சட்டம் அது. காவலுக்கு வந்த ஆமிக்காரர் எப்போதோ போய்விட்டார்கள். சட்டமும் இராஜநாயகமும் மட்டும் போகவில்லை. துறைமுகத்தில் முப்பது வருடம் வாசல் காத்த மனிதர், கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார். பிந்தி வந்தால் போதகரின் மனைவிக்கும் ஒரு முறைப்பு உண்டு.

அந்த ஞாயிறு மாரி மழை கொட்டியது. பூட்டி முடித்த பிறகு ஒரு பெண் வந்தாள். தெப்பமாக நனைந்திருந்தாள். நெஞ்சோடு அணைத்தபடி ஒரு கறுப்புப் பை.

"ஐயா, ஒருக்காத் திறவுங்கோ. வெருகலில இருந்து வந்தனான். பஸ் பிந்திப்போச்சு."

"பையில என்ன?"

"என்ர பிள்ளையின்ர உடுப்பு. பிள்ளை செத்துப்போச்சு. போதகரிட்டச் சொல்லிச் செபிக்க வேணும்."

"திறந்து காட்டுங்கோ."

அவள் பையை இன்னும் இறுக்கினாள். "வேற ஆக்களைத் தொட விட ஏலாது, ஐயா."

"அப்ப கேற்றும் திறக்க ஏலாது. உங்கள எனக்குத் தெரியாது."

அதே நேரம் உள்ளே ஸ்பீக்கரில் பத்துக் கன்னியர் உவமை போய்க்கொண்டிருந்தது. புத்தியுள்ள ஐவர் கலியாண விருந்துக்குள் போனதும் கதவு பூட்டப்படுகிறது; பிந்தி வந்த மற்ற ஐவர் தட்டுகிறார்கள். உங்களைத் தெரியாது என்கிறான் மணவாளன். இராஜநாயகத்தின் கை சங்கிலியிலேயே நின்றது. அறுபது வருடமாகக் கேட்ட கதை. எப்போதும் புத்தியுள்ள ஐவரோடு உள்ளே உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறார். கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டது அன்றைக்குத்தான். திரும்பிப் பார்த்தார். தெருவில் ஈ காக்கை இல்லை.

பஸ் நிலையத்துக்கு ஓடினார். மறுநாள் வெருகலுக்கும் போனார். பெயர் தெரியாத பெண்ணை யாரிடம் விசாரிப்பது? அதன் பிறகு சோற்றில் கை வைத்தால் சங்கிலி ஆடும் சத்தம் கேட்டது. வீட்டில் சங்கிலியே கிடையாது.

போதகரிடம் போனார். உவமை விழிப்பாயிருப்பதைப் பற்றியது என்று அவர் விளக்கினார்.

"அது தெரியும், பாஸ்டர். கதவைப் பூட்டினவருக்கு அண்டைக்கு விருந்துச் சாப்பாடு தொண்டையால இறங்கினதோ?"

போதகர் வேதாகமத்தைத் திறந்து அந்த அதிகாரத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

இராஜநாயகம் பூட்டுத் திறப்பையும் வாசல் வேலையையும் சபையில் உள்ள றிக்சனிடம் கொடுத்தார். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், பொறுப்பான ஆள். அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே பிந்தி, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். றிக்சன் பையைப் பார்க்கக்கூட இல்லை.

"நீங்களோ அண்ணை! வாங்கோ, வாங்கோ."

சங்கிலி கலகலவென்று விழுந்தது. இராஜநாயகம் உள்ளே போகவில்லை.

"போன கிழமை ஒரு பொம்பிளை வந்தவ, றிக்சன். திரும்பி வந்தா விடுவீரோ?"

"ஆரெண்டு தெரியாமல் எப்பிடி அண்ணை விடுறது?"

அவருடைய சொல்லே அவரிடம் திரும்பி வந்தது. பையை மதிலோரம் வைத்துவிட்டு, பஸ் வரும் பக்கம் பார்த்து நின்றார்.

"நீர் பூட்டும். நான் வெளியில நிக்கிறன்," என்றார். "அவ வந்தா, எனக்குத் தெரிஞ்சவ எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும்."