ஈரத்துண்டுப் புகார்

வாஷிங் மெஷின் கம்பெனியில் போனில் புகார் கேட்கும் வேலை எனக்கு. யார் எவ்வளவு திட்டினாலும் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லத்தான் சம்பளம். அப்படிப்பட்ட நான், கருத்தடை மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் மாதம், "தண்ணி வெளிய போகமாட்டேங்குது" என்று ஒருவர் சொன்னதற்கு விக்கி விக்கி அழுதேன். அவர் பதறிப்போய், "பரவால்லம்மா, நான் பக்கெட் வெச்சுக்கறேன்" என்றார்.

வீட்டில் இன்னும் மோசம். நான் வாயைத் திறந்தாலே கணவர், "நீ பேசல, மாத்திரை பேசுது" என்பார். ஈரத்துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்றாலும் அதே பதில். கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அழுவதும் கோபப்படுவதும் நானா, இல்லை இத்துனூண்டு மஞ்சள் மாத்திரையா? அது தெரியாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது.

மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரம்மாவிடம் போனேன்; என்றைக்கு அழுகை, என்றைக்குக் கோபம் என்று இரண்டு மாதம் தினமும் குறித்துவரச் சொன்னார். எனக்குத் தெரிந்தது புகார்ப் பதிவேடுதான். தேதி, கோளாறு, காரணம், தீர்ந்ததா என்று கோடு போட்டேன். காரணத்தை நானே எழுதுகிறேன் என்று நோட்டை வாங்கிய கணவர், இன்னும் வராத நாட்களுக்கும் சேர்த்து, அறுபது கட்டத்திலும் ஒரே மூச்சில் "மாத்திரை" என்று எழுதிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா அந்தக் காரண வரிசையை விரலால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படித்தார்.

"அழுகை மாத்திரை போடற நாள்லதான் வருது. நடுவுல விடற ஏழு நாள்ல இல்ல. இந்த மாத்திரை சிலருக்கு ஒத்துக்காது, வேற தரேன். ஆனா கோவம் ஞாயித்துக்கிழமை மட்டும் வருதே?"

"அன்னிக்குதான் நாங்க ரெண்டு பேரும் நாள் முழுக்க வீட்ல இருப்போம்" என்றேன்.

"மாத்திரைக்குக் கிழமை தெரியாதும்மா."

கணவர் சுவரிலிருந்த கருப்பைப் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார். எனக்கோ, தொலைந்த சாவி கைப்பையிலேயே கிடைத்ததுபோல் நிம்மதி. கோபம் என் சொந்தக் கோபம். நான் எங்கும் போய்விடவில்லை.

மாத்திரை மாறியது. ஒன்றரை மாதத்தில் அழுகையும் நின்றது. அடுத்த ஞாயிறு, கணவர் துண்டைத் தானே கொடியில் உலர்த்திவிட்டு, நோட்டை எட்டிப் பார்த்தார்.

"புகார மூடிட்டியா?"

"வாடிக்கையாளர் திருப்தின்னு சொன்னாதான் மூடுவோம்."

"எப்ப சொல்லுவாங்க?"

ஆபீஸ் குரலில், கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னேன்.

"சிரமத்துக்கு வருந்துகிறோம்."