இருபத்தெட்டில் ஒரு பூட்டு

சொந்தக்காரர்களுக்குப் பொருள் விற்கக் கூடாது என்று சொல்வார்கள். பழைய கேமராக்களை வாங்கி விற்கிற எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அக்காவிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

கடையைத் திறந்ததும் போன் வந்தது.

"டேய், இன்னைக்கு உங்க அத்தான் வருவார். மூணு லென்ஸையும் கொடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டேன். பதினாறு நாள் பயணம், ஆளுக்கு ஒரு பைதான்."

"சரிக்கா."

"இரு, முடிக்கலை. ஜூம் ஆகுற லென்ஸை மட்டும் கொடுத்துடாத. ஜூம் இருந்தா மனுஷன் நின்ன இடத்துலயே நிப்பார். போன தடவை ஒரு ஊரையே நான் தனியா சுத்திப் பார்த்தேன்டா. டிக்கெட்தான் ரெண்டு. பக்கத்துல வந்தாத்தான் படம் எடுக்க முடியும்கிற மாதிரி ஏதாவது கொடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. ஊரைக் கூட்டிச் சண்டை போடுகிறவள் இப்படித் தணிந்து பேசினால் மனசுக்குள் நிஜமாகவே வலிக்கிறது என்று அர்த்தம்.

மதியம் அத்தான் வந்தார். மூன்று லென்ஸ்களையும், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் முகத்தோடு, ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார்.

"மாப்ள, இதுக்கு ஈடா ஒண்ணு கொடு. மேல கைக்காசு போட முடியாது. முக்கியமா தூரம் இழுக்கணும்."

"தூரத்துல என்ன இருக்கு?"

"பறவைங்க."

எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பவர்களின் வாயை நான் நம்புவதில்லை. அவர்களுடைய பழைய படங்களைத்தான் கேட்பேன். லென்ஸை எவ்வளவு நீட்டி எடுத்தோம் என்பது ஒவ்வொரு படத்தோடும் மில்லிமீட்டர் கணக்கில் பதிவாகிவிடும்; எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். எல்லோருக்கும் எல்லாம் வேண்டும் என்றுதான் தோன்றும், ஆனால் விரல் போகிற இடம் ஒன்றோ இரண்டோதான். அத்தான் கேமராவின் மெமரி கார்டைத் தரத் தயங்கினார். நான் கையை நீட்டியபடியே நின்றேன்.

கணினியில் போட்டு வரிசைப்படுத்தினேன். இருபத்துநான்கில் கட்டடங்கள், சாப்பாட்டுத் தட்டுகள், ஒரே கதவு நாற்பது தடவை. நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கடைசியில், இருநூறில், அறுநூற்றுப் பதினொரு படங்கள். அதில் பறவைகள் மூன்று. மூன்றில் ஒன்று மரத்தில் சிக்கிய பிளாஸ்டிக் பை.

மீதி அத்தனையும் அக்கா. குனிந்து செருப்பைச் சரிசெய்கிற அக்கா, வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிற அக்கா, பஸ் டிரைவரிடம் மல்லுக்கு நிற்கிற அக்கா. பாதிக்கு மேல் அவள் முதுகுதான்.

"அத்தான், இந்தப் பறவை கொத்தும்னு தெரியும்ல?"

அவர் காது சிவந்துவிட்டது. "கேமராவைப் பார்த்தா அவ முகம் அடையாள அட்டை ஃபோட்டோ மாதிரி ஆயிடுது மாப்ள. எடுத்தாலும் உடனே அழிங்கன்னு நிப்பா. தூரத்துல இருந்தாத்தான் அவ அவளா இருக்கா. சொல்லிடாத, என்ன?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஜூம் இல்லாத லென்ஸைக் கொடுத்தால் அக்காவின் சொல்லைக் காப்பாற்றலாம். ஆனால் அறுநூற்றெட்டுப் படங்களைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை. அலமாரியிலிருந்து ஒரு 28–200 எடுத்தேன். உடம்பில் கீறல் உண்டு, கண்ணாடியில் இல்லை. வெளிச்சம் குறைந்தால் சோம்பேறித்தனம் காட்டும், ஓரங்கள் லேசாக மங்கும். ஆனால் பக்கமும் வேண்டும், தூரமும் வேண்டும், எடையும் விலையும் கூடாது என்றால் இதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. அவர் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அக்காவைக் கூப்பிட்டேன். ஜூம் லென்ஸ் என்றதும் திட்டத் தொடங்கினாள். மூச்சு வாங்க அவள் நிறுத்திய இடத்தில் புகுந்தேன்.

"முழுசாக் கேளுக்கா. அதுல பக்கவாட்டுல ஒரு சின்னப் பொத்தான் இருக்கு. தோள்ல தொங்குறப்ப லென்ஸ் தானா நீளாம இருக்க வச்சது. இருபத்தெட்டுல வச்சுத் தள்ளினா பூட்டிக்கும். அப்புறம் ஆள் பக்கத்துல வந்துதான் ஆகணும்."

"அவருக்குத் திறக்கத் தெரியாதா?"

"தெரியும். நீ பூட்டினதைத் திறக்கத் தைரியம் வருமா?"

நெடுநேரம் சிரித்தாள். அறுநூற்றெட்டைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

பதினாறு நாள் முடிந்து இருவரும் கடைக்கு வந்தார்கள். அக்கா வாசலில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கார்டைப் போட்டு வரிசைப்படுத்தினேன். இருபத்தெட்டில் குவிந்து கிடந்தன. முதல் சில நாட்களில் அக்காவின் உள்ளங்கையும் அதற்குப் பின்னால் முறைப்பும். பிறகு கை இல்லை. பிறகு முறைப்பும் இல்லை. வெகு அருகில் எடுத்ததால் மூக்கு கொஞ்சம் பெரிதாக, வாய் நிறையச் சாப்பாட்டோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருநூறில், பழைய அறுநூற்றுப் பதினொன்றுக்குப் பிறகு, புதிதாக ஒரே ஒரு படம். ஆற்றின் அக்கரையில் இடுப்பில் கைவைத்து, நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு, அத்தானுக்காகக் காத்து நிற்கிறாள்.

"பூட்டைத் திறந்தது யாரு?"

"அவதான். 'தூரத்துல இருந்தாத்தான் நான் நானா இருக்கேனாமே, இப்ப எடுங்க'ன்னு சொல்லிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போயிட்டா."

"சொல்லிட்டீங்களா?"

"பக்கத்துலயே நடந்தா எவ்வளவு நேரம்தான் பேசாம வர்றது மாப்ள."

படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்க்க விசைப்பலகையில் கை வைத்தேன். போனைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா உள்ளே வந்தாள்.

"அழிச்சிடாதடா. எதையும் அழிக்காத. வேணும்னா அந்த பிளாஸ்டிக் பையை அழி."