மாமியாரின் இடுப்பு வலி

புதன்கிழமை நான்கு மணி ஆனால் பல் டாக்டர் கைப்பையோடு கிளம்பிவிடுவாள். "மாமியாருக்கு இடுப்பு வலி. பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று எட்டு மாதத்துக்கு முன்பு ரிசப்ஷனிஸ்டிடம் சொல்லிவைத்திருந்தாள். மாமியார் குத்துக்கல் மாதிரி இருந்தார். டாக்டர் போனது நீச்சல் குளத்துக்கு. நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்பவளுக்கு, 'எனக்கு ஒரு மணி நேரம் வேணும்' என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை.

ஒரு புதன்கிழமை அவள் குளத்திலிருந்து திரும்பியபோது, மாமியார் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார். பல்லுக்குப் போட்ட உறை கழன்றுவிட்டதாம். முதுகுக்குத் தலையணை, காலடியில் ஸ்டூல், எல்லாம் ரிசப்ஷனிஸ்டின் உபசாரம்.

"அம்மா தெரபிக்கு டிமிக்கி குடுத்துட்டு இங்க வந்துட்டாங்க டாக்டர்! நீங்க வீட்டுல தேடியிருப்பீங்களே?"

மாமியார் மருமகளின் காதோர ஈரத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "இப்ப வலி பரவாயில்லம்மா" என்றார்.

உள்ளே டாக்டர் உறையை ஒட்டினாள். முடிந்ததும் மாமியார் வாயைக் கொப்பளித்தார்.

"குளத்துக்குப் போறது தப்பில்ல. என்னை எதுக்குப் படுக்கையில தள்ளின? அந்தப் பொண்ணு என் இடுப்புக்காக தினம் வேண்டிக்கிறாளாம். அவ முகத்தைப் பார்க்க முடியல."

"அத்தை..."

"என்கிட்ட சொல்லாத. அவகிட்ட சொல்லு."

மறுநாள் காலை, முதல் நோயாளி வருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். ரிசப்ஷனிஸ்ட் கோபப்படவில்லை. அப்பாயின்மென்ட் நோட்டை மூடி வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு கிட்டார் வகுப்பு ஒண்ணு இருக்கு டாக்டர். சேரணும்னு ரொம்ப நாளா ஆசை. உங்களுக்கே வீட்டுல இவ்வளவு கஷ்டம், இதுல நாம வேற லீவு கேக்கறதான்னு விட்டுட்டேன்."

டாக்டர் கூனிக் குறுகிப்போனாள். அவள் கட்டிய பொய் இன்னொருத்தியின் ஆசைக்கும் சேர்த்தே பூட்டுப் போட்டிருந்தது. "நாளைக்கே சேர்ந்துடு" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

வெள்ளிக்கிழமை போனை டாக்டரே எடுத்தாள்.

"எப்பவும் பேசற பொண்ணு இல்லையா?" என்றார் ஒரு நோயாளி.

"கிட்டார் வகுப்புக்குப் போயிருக்கா."

"அப்படியா, நல்லது. திங்கட்கிழமை காலைல வரலாமா?"

வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. எட்டு மாதமாக அவள் சொல்லப் பயந்தது இப்படி ஒரு வரியைத்தான். நேரத்தைக் குறித்துக்கொண்டு போனை வைத்தபோது, யாருமில்லாத அந்த அறையில் அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.