குருவிமலைக்கு ஒரு மீட்புக் குழு

வினோலியாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே: எவருடைய கையையும் பிடிக்காமல் எங்கேயாவது போய், தம் காலாலேயே திரும்பி வர வேண்டும். கணவர் இறந்தபின், பெங்களூரில் இருக்கும் மகன் லாய்ட் அவரை ராபர்ட்சன்பேட்டைச் சந்தைக்குக்கூடத் தனியே விடுவதில்லை. குருவிமலைக்குப் போகப் போவதாகச் சொன்னதும், "குரூப்பா போனா போ, இல்லாட்டி வேணாம்மா" என்று முடித்துவிட்டான்.

குருவிமலை ஒன்றும் பெரிய மலையன்று. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து உச்சிவரை மரநிழலில் சீரான பாதை. பள்ளிப் பிள்ளைகள் காலையில் ஏறி, மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடுவார்கள்.

ஆள் சேர்க்கும் பொறுப்பைக் கொழுந்தனார் சைலஸிடம் விட்டதுதான் வினோலியா செய்த பிழை. சைலஸ் தங்கச் சுரங்கத்தின் மீட்புக் குழுவில் மாற்று ஆளாகவே இருந்து ஓய்வு பெற்றவர். பயிற்சிகளையெல்லாம் குறைவின்றி முடித்திருந்தார். ஆனால் விபத்து நேர்ந்த நாள்களில் முன்வரிசை ஆள்கள் ஒருவர் தவறாமல் நலமாக இருந்தபடியால், அவரை யாரும் கூப்பிடவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சைலஸோடு சேர்த்து ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள் எட்டுப் பேர், சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் உள்ள வினோலியாவின் வீட்டில் கூடினர். சுரங்கத்தில் இறங்குமுன் கேட்கும் கேள்விகளைச் சைலஸ் நின்றுகொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மொதல்ல காத்து. மேல காத்து எப்படி கீது?"

"அடிக்குது" என்றார், சுரங்கத்துக்குள் ஆள்களை இறக்கும் கேஜை இயக்கி ஓய்வுபெற்ற கொர்னேலியஸ்.

"கூரை?"

"வானம்பா."

"தாங்குமா?"

கொர்னேலியஸ் சன்னல் வழியே மேலே எட்டிப் பார்த்தார். "இது வரைக்கும் வுழல."

அரைமனத்தோடு அதை ஏற்றுக்கொண்ட சைலஸ், அடுத்த விதிக்கு வந்தார். சுரங்கத்துக்குள் ஆள் இறங்கினால் மேலே மீட்புக் குழு ஆயத்தமாக நிற்க வேண்டும். ஆகையால் மலைமேல் ஆள் ஏறினால் கீழே நிற்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் தூக்க நால்வர், அவர்கள் களைத்தால் மாற்ற இருவர், முதலுதவிக்கு ஒருவர், தலைமைக்குச் சைலஸ். அந்தக் காலத்தில் மீட்புக் குழுவினருக்கு இருந்த மதிப்பை அறிந்தவர்கள் ஆதலால், முழங்கால் தேய்ந்த வேலு உட்பட அத்தனை பேரும் கை தூக்கினர்.

"அப்போ மலை ஏர்றது யாரு?" என்றார் வேலு.

எல்லாரும் ஒரே நேரத்தில் வினோலியாவைப் பார்த்தனர்.

"இன்னா சைலஸ் இது? ஏற ஒரு ஆளு, தூக்க இத்தினி ஆளா?"

"இத்தினி பேரு கீழ கீறோம்ன்ற தைரியத்துல நீங்க ஏறலாம் இல்ல, அண்ணி?"

கடிந்துகொள்ள வாயெடுத்த வினோலியா, அப்படியே நிறுத்தினார். ஏறப்போவது தாம் ஒருவர் மட்டுமே என்பது அப்போதுதான் உறைத்தது. மறுபேச்சின்றி எல்லாருக்கும் காப்பி கொடுத்தார். அன்று மாலை, "எத்தினி பேரும்மா?" என்று லாய்ட் கைப்பேசியில் கேட்டபோது, "என்னோட சேத்து ஒம்பது" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை, இரண்டு மூங்கில்களில் கம்பளியைக் கட்டிய ஸ்ட்ரெச்சர், ஆளைக் கட்ட பெல்ட், போர்த்த இன்னொரு கம்பளி ஆகியவற்றோடு மீட்புக் குழு மலையடிவாரத்தில் வரிசையாக நின்றது. வினோலியா தனியே ஏறினார். பார்த்துப் போ என்று சொல்ல ஆளில்லை. விரும்பிய இடத்தில் நின்றார். மூச்சு வாங்கியபோது உட்கார்ந்தார். உச்சியில், மரங்களுக்கு நடுவே ஒரு பாறைமேல் அமர்ந்து எலுமிச்சைச் சோற்றை உண்டார். அப்போது கைப்பேசி ஒலித்தது.

"அண்ணி, கால் கீல் சுளுக்கிக்கினீங்களா?"

"இல்லப்பா."

"மயக்கம்?"

"இல்ல."

"லேசா கூட?"

"இப்பதான் சாப்ட்டேன், சைலஸ்."

மறுமுனையில் நெடிய பெருமூச்சு. பின்னாலிருந்து, "போன மாசம் பிரஷர் இருந்துச்சே, அதக் கேளு" என்று வேலு தூண்டிவிடுவது கேட்டது. வினோலியா கைப்பேசியை அணைத்துவிட்டார்.

அதுவே போதுமானதாயிற்று. தொடர்பு அற்றுவிட்டது. சைலஸ் தம் வாழ்நாளில் முதன்முறையாக "புறப்படு" என்று ஆணையிட்டார்.

மூச்சிரைக்க, வேலுவை இருவர் பின்னாலிருந்து தள்ள, மீட்புக் குழு உச்சியை அடைந்தது. சைலஸின் முகத்தில் அப்படி ஓர் ஒளியை வினோலியா அதுவரை கண்டதில்லை. சப்பணமிட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவரைக் கண்டதும் அவ்வொளி அணைந்தது.

"அண்ணி, பாதி வழி வரைக்கும் படுத்துக்கினாக்கூட போதும்."

"என் காலால வந்தேன். என் காலாலதான் எறங்குவேன்."

சைலஸ் கம்பளியின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார். வினோலியா ஆரஞ்சுச் சுளைகளை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்தார், கை துடைத்தார், பிறகு தம் டிபன் கேரியரை எடுத்து ஸ்ட்ரெச்சரின் நடுவில் வைத்தார்.

"இது என்னால தூக்க முடியல. பாத்து எடுத்துனு வாங்க."

சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் இறங்கத் தொடங்கினார். பின்னால், "பெல்ட் போடு, ஆடக் கூடாது" என்ற சைலஸின் குரல் கணீரென்று எழுந்தது. நால்வர் தோள்கொடுக்க, கழுத்துவரை கம்பளி போர்த்திய டிபன் கேரியர் அசைந்து அசைந்து இறங்கியது.

பாதி வழியில், மேலேறி வந்த வனக்காவலர் ஒருவர் பதறிப்போய், "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"பேச நேரமில்ல" என்றார் சைலஸ். "வழி வுடுங்க."

வினோலியா அதற்குள் வளைவைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தார்.