டஸ்ட் அலர்ஜி

தலைவர் வெங்கடரமணன் மைக்கில் நன்றாக இருமிவிட்டு, இருமும்போது முழங்கையால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றார். கார்களை வெளியே அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ராஜா அண்ணாமலைபுரத்துக் கனவான்கள் கைதட்டினார்கள். அடுக்கக சங்கத்தின் ஃப்ளூ தடுப்புக் கூட்டம் அது. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதன் நுனியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் பெருந்தன்மையால், அதையே செயலாளர் ராகவேந்திரனுக்குப் போர்த்திவிட்டார்.

முதல் மாடி பால்கனியிலிருந்து சாருலதா பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தொட்டிலில் அவள் மகன். மாதம் நிறையுமுன் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, போன வாரம்தான் வீட்டுக்கு வந்தவன். பெரியவர்கள் படுத்து எழுந்துவிடுவார்கள், இவனால் தாங்க முடியாது, இருமுகிறவர்களைக் கிட்டே விடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். குழந்தை பார்க்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பும் தைரியத்துக்கு எந்தக் கடையிலும் மாத்திரை விற்பதில்லை.

கூட்டம் முடிந்ததும் நிர்வாகிகள் வீடுவீடாகக் கைகழுவும் திரவம் கொடுக்கக் கிளம்பினார்கள். பாட்டிலில் தலைவர் படம். முதல் பாட்டில் தொட்டிலில் கிடக்கும் புது மெம்பருக்கு என்று முடிவாகியிருந்தது.

"வாங்கோ வாங்கோ, கொழந்தையப் பாக்காம போகப்படாது" என்று மாமியார் விஜயலக்ஷ்மி கதவை அகலத் திறந்தாள்.

உள்ளே வந்ததும் வெங்கடரமணன் மறுபடி இருமினார். "டஸ்ட் அலர்ஜி. வருஷா வருஷம் வரும்."

"ஆமா சார்" என்றான் பாட்டில் பெட்டியைத் தூக்கிவந்த வாட்ச்மேன் கபாலி. "எனக்கும் நேத்துலேர்ந்து அதே அலர்ஜிதான். ஒடம்பெல்லாம் வலிச்சிக்கினு கீது."

தலைவர் அதைக் காதில் வாங்கவில்லை. தொட்டிலை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார். "இந்த பிளாக்குல நான் தூக்காத கொழந்தையே கெடையாது. குடும்மா."

சாருலதா குறுக்கே வந்து நின்றாள். வார்த்தை அவளுக்கு முன்னால் போய்விட்டது.

"கொழந்தைக்குக் காலைலேர்ந்து ஜுரம் மாமா. ஃப்ளூவாத்தான் இருக்கும்னு டாக்டர் சொல்றார்."

கைகள் பாதியில் நின்றன. அன்று முதல்முறையாகத் தலைவரின் பாக்கெட்டிலிருந்து முகக்கவசம் வெளியே வந்து மூக்கைச் சேர்ந்தது. லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் தடுப்புக் குழு படியிறங்கியது.

"பெத்த வாயால சொல்ற வார்த்தையாடி இது?" விஜயலக்ஷ்மி சுவாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பலிச்சுடுத்துன்னா?"

கீழே மைக் மறுபடி உயிர்பெற்றது. "முதல் மாடி, மூணாம் நம்பர் ஆத்துல கொழந்தைக்கு ஃப்ளூ. யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்." அறிவிப்பின் முடிவில் ஓர் இருமல். இனி ஒருவரும் வர மாட்டார்கள். சாருலதாவுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து குழந்தையின் நெற்றியில் வைத்தாள். சுட்டது போலிருந்தது. தண்ணீரில் நனைந்து குளிர்ந்த கை, அதனால்தான். உள்ளங்கையைப் புடவையில் அழுத்தித் துடைத்து, தன் கழுத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி நெற்றியில் வைத்தாள். தெர்மாமீட்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை எடுக்கக் கை போகவில்லை.

தூக்கத்திலேயே குழந்தை மெல்ல மூக்கைச் சுளித்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, அந்தச் சின்ன மூக்கையே பார்த்தபடி குனிந்து நின்றாள்.